ஓய்வு யாருக்கு எட்டும்?

பேறுகாலத்தின் இறுதி மாதங்களில் பாரம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது என்கிறார் மருத்துவர். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்று துணி எடுத்துக்காட்டும் பெண் அந்த அறிவுரையை எப்படிக் கடைப்பிடிப்பாள்?

கேரளத்தின் சாதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 2018-20ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கு பேறுகால மரணம் லட்சத்துக்கு 19. அகில இந்திய அளவில் 97. பிரசவத்தைக் காக்க மருத்துவமனை உண்டு. அதற்கு முந்தைய வாரங்களைக் காப்பது யார்?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பேறுகாலத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னதான ஒரு மாதத்தில் கடும் வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரலாகாது என்றது. அவளே கேட்டால் மட்டும்! வேலை போய்விடும் என்று அஞ்சுபவளுக்கு அந்தக் 'கேட்டால்' சட்டத்தையே விழுங்கிவிடுகிறது. வெறுமனே உட்காரும் உரிமைக்கே கேரள விற்பனைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல்.

முழுப் படுக்கை ஓய்வு பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து. ஆக, கோருவது பெரிதொன்றுமில்லை: இலகுவான வேலை, ஒரு நாற்காலி, பரிசோதனை நாளில் கூலியோடு விடுப்பு.

கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று பரிசோதனைக்கு அனுப்புபவர்கள் ஆஷா ஊழியர்கள். 2025 பிப்ரவரி 10 முதல் அவர்கள் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் போராடினர். போராட்டம் தொடங்கியபோது மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். ஒன்றிய அரசின் ஏட்டில் அவர்கள் 'தன்னார்வலர்கள்'. எனவே அவர்களே கருவுற்றாலும் மேற்சொன்ன சட்டத்தின் பாதுகாப்பு அவர்களை எட்டவில்லை. அவர்களைத் தொழிலாளராக அங்கீகரிப்பதையும், 'கேட்டால்' எனும் நிபந்தனையை நீக்குவதையும் நமது தொழிற்சங்கங்கள் சேர்த்தே எழுப்ப வேண்டும்.