பழைய பெட்டி எது, பழைய சாயல் எது?

மாமல்லபுரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போகவேண்டும். சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரும் பாதையோ கொளவாய் ஏரியை ஒட்டிக்கொண்டு ஊருக்குள் நுழையும் அழகான பாதை. எழும்பூரிலிருந்து இந்தப் பாதையில் விடுமுறை நாட்களில் பழைய பெட்டிகள் கோத்த நீராவி ரயில் ஒன்றை விட்டு, செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் பஸ் விட்டால் என்ன என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் 'பழைய பெட்டி' என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் எஞ்சின். சென்னையில் எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே சிறப்பு நாட்களில் ஓடிய இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, வங்காளத்தில் கிழக்கிந்திய ரயில்வேக்காக ஓடியது. ஓய்வுபெற்றபின் நூறாண்டு ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று ஓட்டிக் காட்டினார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அந்த எஞ்சின் இழுத்துச் செல்லும் பெட்டி, அதன் காலத்துப் பெட்டி அல்ல; நம் காலத்தில் தயாரித்து இணைத்தது.

சரி, செங்கல்பட்டுத் தடத்தில் அன்று ஓடிய பழைய பெட்டிகளையே ஏன் இணைக்க முடியாது? பாதையின் அகலம் முதல் காரணம். எழும்பூர்–செங்கல்பட்டு–விழுப்புரம் தடம் தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர் கேஜ் தடம். இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். 1931இல் சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்ததும் அதே அகலத்தில்தான். இன்றிருப்பது 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ். கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையில் விடைபெற்றது. செங்கல்பட்டு நடைமேடையில் நம் தாத்தா பாட்டி ஏறி இறங்கிய பெட்டிகள் ஒருவேளை பழுதில்லாமல் கிடைத்தாலும், அந்தத் தண்டவாளம் இப்போது அங்கே இல்லை. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் பாதை மிஞ்சியிருப்பது நீலகிரி மலையில் மட்டுமே.

அடுத்தது மரம். அந்தக் காலத்துப் பெட்டிக்கு அடிச்சட்டம் இரும்பு, உடல் தேக்கு, கூரை பலகைமேல் கான்வாஸ் ஒட்டிச் சாயம் பூசியது. இப்படியொரு பெட்டியைச் சீரமைக்க வருகிற தச்சர் ஜன்னலையோ இருக்கையையோ முதலில் பார்ப்பதில்லை. கதவு நிலையின் அடியில், பலகையும் அடிச்சட்டமும் சேரும் மூலையில், கூரான கம்பியால் குத்திப் பார்ப்பார். ஜன்னல் பள்ளத்தில் இறங்கும் மழைநீர் கடைசியில் தங்குவது அங்கேதான். மேலே சாயம் பளபளவென்று இருக்கும். கம்பி உள்ளே வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அந்த அடிக்கட்டை உளுத்துவிட்டால் அதன்மேல் நிற்கும் தூண், தூணைப் பிடித்திருக்கும் கூரை எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். கழிவறைக்குக் கீழே இரும்பும் அரித்துப்போயிருக்கும். சக்கர அச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று ஒலி அலையால் சோதிக்க வேண்டும். எஞ்சினின் இரும்பு, வெட்டவெளியிலும் பல்லாண்டு தாங்கும். மரப்பெட்டி சில மழைக்காலங்களிலேயே போய்விடும். எஞ்சின்கள் இத்தனை தப்பிப் பிழைத்தும் பெட்டிகள் அரிதாகிப்போனதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, பயணிகளின் உயிர். விபத்தில் மரப்பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நொறுங்கும். 1955இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது முழு இரும்புப் பெட்டிக்கு மாறியதன் முக்கிய நோக்கம் இந்த ஆபத்தைக் குறைப்பதுதான். பழைய பெட்டியில் இருந்தது வாக்குவம் பிரேக். இன்றைய ரயில்களில் ஏர் பிரேக். புகைபோக்கியிலிருந்து தெறிக்கும் நெருப்புப் பொறிக்கு மரமும் கான்வாஸும் நல்ல விறகு. நிமிடக் கணக்கில் மின்சார ரயில்கள் வந்துபோகும் தடத்தில் இப்படிப்பட்ட பெட்டியை அனுமதிக்க அதிகாரிகள் தயங்கினால், அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்? இங்கிலாந்தில் 1960 முதல் இயங்கும் புளூபெல் ரயில்வே போன்ற பாரம்பரியத் தடங்கள் தனித்தடங்கள். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் கட்டுப்படுத்தப்படுகிறது. தனிப்பாதை, குறைந்த வேகம், தொடர்ந்து வேலை செய்யும் தச்சுப் பணிமனை ஆகிய மூன்றும் இருப்பதால் மரப்பெட்டி பிழைக்கிறது. இலங்கையில் 1986 முதல் ஓடத் தொடங்கிய வைஸ்ராய் ஸ்பெஷல், நீராவி எஞ்சினோடு சீரமைத்த பழைய பெட்டிகளையும் சேர்த்தே பயணிகளுக்குக் கொடுத்தது. ராஜஸ்தானின் அரண்மனை ரயில் 1982இல் மன்னர்களின் அசல் பெட்டிகளோடுதான் புறப்பட்டது. தொடர்ந்து ஓட்ட அவை ஈடுகொடுக்காததால் 1991இல் புதுப் பெட்டிகள் வந்தன. நம் நீலகிரியிலோ எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நின்று கையால் பிரேக் போடுகிறார். அங்கேயும் தேய்ந்த பெட்டிகளுக்கு ஈடாக ஐ.சி.எஃப். புதியவற்றைக் கட்டித் தருகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று வகை தெரியும். பழுது பார்த்து ஓட்டப்படும் அசல் பெட்டி. பழைய சாயலில் கட்டிய புதுப் பெட்டி. ஓடாமல் பாதுகாக்கப்படும் அசல் பெட்டி. மூன்றுக்கும் மதிப்பு உண்டு. சாயலைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிலின் வடிவம். பீம ரதம் வளைந்த கூரையுள்ள மண்டபத்தின் வடிவம். பல்லவர் காலத்து மரக் கட்டடங்கள் எதுவும் இன்று இல்லை. அவற்றின் வடிவத்தைக் கல்லில் எடுத்துவைத்ததால்தான் அவை எப்படி இருந்தன என்பதாவது நமக்குத் தெரிகிறது. தவறு சாயலில் இல்லை. சாயலையே அசல் என்று சொல்வதில்தான் இருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டால், ஷெட்டுக்கு வெளியே மழையில் நனையும் உண்மையான பழைய பெட்டியைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

ஆகவே செங்கல்பட்டுக்கு என்ன செய்யலாம்? அசல் மீட்டர் கேஜ் பெட்டி இங்கே ஓடாது, அதை ஏற்றுக்கொள்வோம். பழைய சாயலில், இரும்பு உடலும் ஏர் பிரேக்கும் கொண்ட பிராட் கேஜ் பெட்டிகளைக் கட்டுவது பெரம்பூருக்குக் கைவந்த கலை. எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு ஏறக்குறைய 56 கிலோமீட்டர். தண்ணீருக்கும் நிலக்கரிக்கும் சாம்பல் அள்ளவும் செங்கல்பட்டில் ஏற்பாடு வேண்டும். மேலே மின்கம்பி செல்வதால் எஞ்சின்மேல் ஏறி வேலை செய்ய முடியாது. அதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். கூட்டம் குறைந்த ஞாயிறு காலையில் தடத்தில் இடம் கேட்கலாம். இவையெல்லாம் மனம் வைத்தால் முடிகிற காரியங்கள்.

தெற்கு ரயில்வேயிடம் நாம் கேட்பது இரண்டு. எஞ்சியிருக்கும் அசல் மரப்பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தலைக்குமேல் கூரை போடுங்கள். பாரம்பரிய ரயிலில் கோக்கும் ஒவ்வொரு பெட்டியின் கதவருகிலும், அது கட்டப்பட்ட ஆண்டையும் எந்தெந்தப் பாகம் புதியது என்பதையும் தமிழில் எழுதி வையுங்கள். கட்டணம் கொடுத்து ஏறுகிற பயணி அதைத் தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர்.