நூலகம் யாருடையது? அலமாரியில் தமிழ் எங்கே?

ஜெஞ்சாரோம், பந்திங், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களே!

தேர்தல் வந்தால் அரிசி மூட்டை வருகிறது. தீபாவளி வந்தால் பற்றுச்சீட்டு வருகிறது. கோயிலுக்கு மானியம் வந்தால் ஓர் ஆள் உயரத்துக்குக் காசோலையை அட்டையில் அச்சடித்துக் கொண்டு வந்து, தலைவர் நடுவில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார். நாமும் கைகட்டி நின்று சிரிக்கிறோம். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. அரிசி பத்து நாளில் தீர்ந்து போகிறது.

தீர்ந்து போகாத ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை. அதுதான் பொது நூலகம்.

"நூலகமா? அது படித்தவர்கள் போகிற இடம். நமக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்கிறீர்களா? அப்படி நம்மை நினைக்க வைத்ததுதான் இந்த நாட்டில் நமக்கு நடந்த அநியாயங்களில் சத்தமில்லாத அநியாயம்!

யார் வீட்டுச் சொத்து?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கூட்டரசுக்குரியது என்று சட்டம் சொன்னவை மட்டுமே விலக்கு. அதாவது நம் ஊர் நூலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது சிலாங்கூர் மாநில அரசு. அதன் கீழ் இயங்குகிறது சிலாங்கூர் பொது நூலகக் கழகம். 2011ல் ஷா ஆலாமில் ராஜா துன் ஊடா நூலகத்தைப் பெரிதாகத் திறந்தார்கள். நல்லது, பாராட்டுவோம். ஆனால் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லிலும் நம் பணமும் இருக்கிறது. ஆலையில் இரவு வேலை பார்ப்பவரும், லாரி ஓட்டுபவரும், பாமாயில் தோட்டத்தில் குலை வெட்டுபவரும் வாங்கும் பொருளிலெல்லாம் வரி கட்டுகிறோம். நூலகம் யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல.

அடுத்து மொழி. அரசியலமைப்பின் 152வது பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழி என்கிறது. அதை நாம் மதிக்கிறோம். நம் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். அதே பிரிவு, மற்ற சமூகங்களின் மொழியைப் பேணவும் அதன் பயன்பாட்டையும் படிப்பையும் நிலைநிறுத்தவும் கூட்டரசுக்கும் மாநில அரசுக்கும் உள்ள உரிமையைத் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. ஆக, "தமிழ்ப் புத்தகம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. மனம்தான் இடம் தர வேண்டும்!

1994ல் யுனெஸ்கோ வெளியிட்ட பொது நூலக அறிக்கை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இனம், மதம், மொழி, சமூக நிலை பாராமல் எல்லாருக்கும் சமமான சேவை வேண்டும். மொழிச் சிறுபான்மையினருக்குத் தனிச் சேவையும் தனி நூல்களும் கொடுக்க வேண்டும். இதே யுனெஸ்கோதான் கோலாலம்பூரை 2020ஆம் ஆண்டின் உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்தது. பட்டத்தை வாங்கிக்கொண்டோம். பட்டத்தோடு வந்த பொறுப்பை யார் வாங்கிக்கொண்டார்கள்?

இன்னொரு சட்டமும் உண்டு. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்த நாட்டில் அச்சாகும் புத்தகத்தில் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். மலேசியத் தமிழ் எழுத்தாளன் தன் கைக்காசைப் போட்டு அச்சடிக்கும் நூலுக்கும் இதே சட்டம்தான். அந்தப் புத்தகம் துன் ரசாக் சாலை வரை போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ஜெஞ்சாரோம் பிள்ளையின் கைக்கு அதைக் கொண்டுவர அந்தச் சட்டம் போதாது. மாநில நூலகம் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்க வேண்டுமானால் யாராவது கேட்க வேண்டும். கேட்க வேண்டியது நாம்தான்.

ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்த மக்கள்

"நம் மக்களுக்குப் புத்தகத்தில் அக்கறை இல்லை" என்று சொல்லும் தலைவர்களுக்கு வரலாறு தெரியாது.

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசனில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கியால் அடக்கினான். நாதனை நாடு கடத்தினான். ஆனாலும் கோரிக்கைப் பட்டியலில் கல்வி இருந்தது என்பதை யாராலும் அழிக்க முடியாது.

அடுத்து 1950கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை வரப்போகிறது. அதில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற ஆலோசனை எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி கொதித்தெழுந்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க ஆளுக்கு ஒரு வெள்ளி! பால்மரம் சீவியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் கொடுத்தார்கள். தாங்கள் ஒருநாளும் நுழையப் போவதில்லை என்று தெரிந்த ஒரு நூலகத்துக்காகக் கொடுத்தார்கள். 1956ல் துறை தொடங்கியது. தமிழ் அங்கே நின்றது.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு நூலகத்தில் அக்கறை இல்லையா?

2010ல் பிரிக்பீல்ட்ஸில் 'லிட்டில் இந்தியா' திறந்தார்கள். தோரண வளைவு வந்தது, யானைச் சிலைகளோடு நீரூற்று வந்தது. இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து திறந்து வைத்தார்கள். அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வளைவுக்கு அடியில் நின்று பிள்ளை வீட்டுப்பாடம் எழுத முடியுமா?

தொண்டூழியர் என்ன செய்யலாம்?

அலமாரியில் புத்தகம் வந்தால் மட்டும் போதாது. புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர்தான் தொண்டூழியர்.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தேசிய நூலக வாரியம் 2004ல் 'கிட்ஸ்ரீட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்த குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளோடு தொண்டூழியர்கள் உட்கார்ந்து கதை படிக்கிறார்கள். கேரளாவில் 1945ல் பி. என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களை ஒன்று சேர்த்துச் சங்கம் தொடங்கினார். அதுவே மாநிலம் முழுக்கப் பரவி எழுத்தறிவு இயக்கத்துக்கு வேராயிற்று. தமிழ்நாட்டில் கிளை நூலகங்களில் 'வாசகர் வட்டம்' இருக்கிறது. ஊர்க்காரர்களே கூடி நூலகத்துக்குத் துணை நிற்கிறார்கள். அங்கே 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கி நூலகத்துக்கே செலவிட வழி செய்தார்கள்.

நம்மிடம் ஆள் இல்லையா? இருக்கிறார்கள்! 1979 முதல் இ.டபிள்யூ.ஆர்.எஃப். இருக்கிறது. 1982 முதல் ஸ்ரீ முருகன் நிலையம் இருக்கிறது. இவற்றில் எத்தனையோ பட்டதாரிகள் சம்பளம் வாங்காமல் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்திலும் பள்ளி வகுப்பறையிலும் நடக்கும் அந்த உழைப்பு பொது நூலகத்துக்குள்ளும் நுழைய வேண்டும்.

என்னென்ன செய்யலாம்? சனிக்கிழமை காலை தமிழ்க் கதை நேரம். இடைநிலைப்பள்ளிக்குப் போய் மலாய் மொழியில் தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்புத் துணை. எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை அமைதியாகப் படிக்க ஒரு மேசை. தோட்டத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்தில் அந்த மேசைக்கு இடம் எங்கே இருக்கிறது?

பெரியவர்களுக்கும் வேலை இருக்கிறது. இன்று எல்லாப் பாரமும் இணையத்தில். உதவித்தொகை விண்ணப்பம் இணையத்தில். இ.பி.எஃப். கணக்கு இணையத்தில். நூலகத்துக் கணினி முன் தமிழ் தெரிந்த ஒரு தொண்டூழியர் வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், பாரம் நிரப்பத் தரகனுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். 2020லும் 2021லும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுப் படித்த கொடுமையை மறந்துவிட்டோமா?

சாக்குப்போக்குகளும் பதில்களும்

"நமக்கென்று தனியாக ஒரு தமிழ் நூலகம் கட்டிக்கொள்வோம்" என்பார்கள். கட்டுங்கள், தடுக்கவில்லை. ஆனால் கட்டடத்துக்கு வாடகை யார் கொடுப்பது? மின் கட்டணம் யார் கட்டுவது? நாலு வருடத்தில் தலைவருக்கும் செயலாளருக்கும் சண்டை வந்து பூட்டுத் தொங்குவதை நாம் பார்க்கவில்லையா? பொது நூலகத்துக்குக் கட்டடம், மின்சாரம், ஊழியர் எல்லாம் ஏற்கெனவே நம் பணத்தில் நடக்கிறது. அதை விட்டுக்கொடுத்துவிட்டு ஓரத்தில் குடிசை போட வேண்டுமா?

"தமிழ்ப் புத்தகத்தை யாரும் இரவல் எடுப்பதில்லை, அதனால் வாங்குவதில்லை" என்பார்கள் அதிகாரிகள். வைக்காத புத்தகத்தை எப்படி எடுப்பது? பழைய நாலு புத்தகத்தை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு "தமிழர்கள் படிப்பதில்லை" என்று கணக்குக் காட்டுவது, அடுப்பே மூட்டாமல் "யாருக்கும் பசியில்லை" என்று சொல்வதைப் போன்றது.

"தொண்டூழியர் வந்தால் போதுமே, தமிழ் தெரிந்த ஊழியர் எதற்கு?" இந்தக் கேள்வியில்தான் சூழ்ச்சி இருக்கிறது. எச்சரிக்கை! நம் உழைப்பு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு மலிவான மாற்று அல்ல. தொண்டூழியருக்கு உடம்பு சரியில்லை என்றால் கதை நேரம் நின்றுவிடும். சம்பளம் வாங்கும் ஊழியர் இருந்தால்தான் நிலைக்கும். தொண்டு செய்வோம், கூடவே உரிமையையும் கேட்போம். தொண்டு மட்டும் செய்தால் நாம் இலவசக் கூலி. உரிமை மட்டும் கேட்டால் பிள்ளைகள் காத்திருந்தே வளர்ந்துவிடுவார்கள்.

நம் கோரிக்கைகள்

1. தமிழர் வாழும் வட்டாரங்களின் பொது நூலகங்களில் ஆண்டுதோறும் தமிழ் நூல் வாங்கத் தனி ஒதுக்கீடு. அதில் மலேசிய எழுத்தாளர்களின் நூல்களுக்குக் கட்டாயப் பங்கு.

2. தமிழ் படிக்கத் தெரிந்த நூலக ஊழியர்.

3. தொண்டூழியர்களுக்கு முறையான பதிவு, பயிற்சி, நிலையான நேரம், இடம்.

4. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஏற்ப மாலையிலும் வார இறுதியிலும் நிகழ்ச்சிகள்.

5. பேருந்து இல்லாத தோட்டப்புறங்களுக்கும் கம்போங்குகளுக்கும் நடமாடும் நூலகம். 1931லேயே மன்னார்குடி அருகே மாட்டு வண்டியில் புத்தகம் போனது. இன்று வேன் போகாதா?

நடக்குமா?

நடக்கும்! 2018ல் ஜெஞ்சாரோமில் என்ன நடந்தது? சீனா தன் நாட்டுக்குள் பிளாஸ்டிக் குப்பையை விடாமல் தடுத்ததும் உலகத்துக் குப்பையெல்லாம் நம் ஊருக்கு வந்தது. உரிமம் இல்லாத ஆலைகள் இரவில் எரித்தன. பிள்ளைகள் இருமின. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இடத்தைக் கண்டுபிடித்தார்கள், படம் எடுத்தார்கள், புகார் எழுதினார்கள், விடாமல் கேட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. உலகப் பத்திரிகைகளெல்லாம் ஜெஞ்சாரோம் பெயரை எழுதின. சின்ன ஊர்தான். கேட்கத் தெரிந்த ஊர்!

அதே வழிதான் இதற்கும். இந்த மாதமே குடும்பத்தோடு பக்கத்து நூலகத்துக்குப் போங்கள். பிள்ளைகளை உறுப்பினராக்குங்கள். தமிழ் அலமாரி எங்கே என்று கேளுங்கள். எத்தனை புத்தகம், கடைசியாக வந்தது எந்த ஆண்டு என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு நூலகக் கழகத்துக்கு ஒரு கடிதம், சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு படி. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் சேர்ந்து கையெழுத்திடட்டும். அடுத்த முறை அட்டைக் காசோலையோடு தலைவர் வந்தால், அந்தக் கணக்கைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

1981ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகத் தமிழரெல்லாம் அழுதோம். ஒரு சமூகத்தின் நூலகத்தைக் கொல்ல நெருப்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அலமாரியைக் காலியாக வைத்து, அந்தச் சமூகத்தை வாசலுக்கு வெளியே நிற்கப் பழக்கிவிட்டாலே போதும்.

வாசலுக்கு வெளியே நின்றது போதும். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்த தாத்தா பாட்டிகளின் பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போவோம், வாருங்கள்!