கத்திரி வெயிலில் மழை காட்டும் பரோமெத்ர்

பாண்டியில் பழைய வீடுகளை இடிக்கும்போதோ விற்கும்போதோ சுவரிலிருந்து இறங்கும் சாமான்களில் ஒன்று பரோமெத்ர். செதுக்கு வேலை செய்த மரப்பலகை, நடுவில் கண்ணாடி போட்ட வட்ட முகம், மேலே ஒரு தெர்மாமீட்டர். சிலவற்றில் ஈரப்பதம் காட்டும் சின்ன வட்டம் ஒன்றும் இருக்கும். சைகோனிலும் பிரான்சிலும் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் கொண்டுவந்து மாட்டியவை. சொல்தா வீடுகள் சிலவற்றில் தெ கோல் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

இவற்றைப் பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிடுபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "கெட்டுப்போச்சு சார், கத்திரி வெயில்ல மழைன்னு காட்டுது." ஐந்தாறு பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். கருவி கெடவில்லை. அதன் முகத்தில் அச்சடித்திருக்கும் வார்த்தைகள்தான் நம் ஊருக்கு ஆகாதவை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முகத்தைச் சுற்றி இடமிருந்து வலமாக எழுதியிருப்பதைப் பாருங்கள். 'தாம்பெத்', அதாவது புயல். பிறகு பெருமழை, மழை அல்லது காற்று. உச்சியில் 'வாரியாப்ள்', மாறக்கூடியது. அதைத் தாண்டினால் நல்ல வானிலை, நிலையான நல்ல வானிலை, கடைசியில் 'த்ரே செக்', மிக வறட்சி. இது ஐரோப்பாவின் கணக்கு. பாரிஸில் ஒரே குளிர்காலத்தில் முள் 30 மில்லிமீட்டர் ஏறி இறங்கிவிடும். அழுத்தம் ஏறினால் வானம் தெளியும், இறங்கினால் மழை வரும். அவர்களுக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நமக்கு அப்படி இல்லை. மே, ஜூனில் நாடே அடுப்பாய்க் காயும்போது காற்று லேசாகி அழுத்தம் இறங்குகிறது. பாண்டியில் அது 1005 மில்லிபார் பக்கம், பழைய கணக்கில் 754 மில்லிமீட்டர். முள் மழைப் பக்கம் சாயாமல் என்ன செய்யும்? ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் அதைவிடக் கூடுதல்; முள் 'வாரியாப்ள்' பக்கத்தில் சாதுவாக நிற்கும். 770-க்கு மேலே உள்ள பகுதி நம் ஊருக்குத் தேவையே இல்லை. 'த்ரே செக்' என்ற எழுத்தை முள் எட்டிப்பார்த்ததை பாண்டியில் எவரும் கண்டிருக்க முடியாது.

ஆகவே வார்த்தைகளை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். ரேடியோவில் நாம் சின்ன வயதிலிருந்து கேட்கும் "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்பதில் வரும் அந்த அழுத்தத்தை வீட்டுச் சுவரிலேயே கண்ணால் காட்டும் சாமான் இது ஒன்றுதான். உள்ளே இருப்பதும் மிக எளிய அமைப்பு: காற்றை உறிஞ்சியெடுத்த, மடிப்பு மடிப்பான தகடு போட்ட ஒரு சின்ன உலோக டப்பி. வெளிக்காற்று அழுத்தினால் டப்பி சப்பையாகும், விட்டால் உப்பும். அந்த மயிரிழை அசைவை நெம்புகோலும் சங்கிலியும் பெருக்கி முள்ளுக்குக் கொண்டுபோகின்றன. 1844-இல் லுசியான் விதி என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பாதரசக் குழாய்தான். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சாவி கொடுக்கவும் வேண்டாம்.

முகத்தில் இரண்டு முள் இருக்கும். பித்தளை முள்ளை நடுக்குமிழைத் திருகி நாம்தான் நகர்த்த வேண்டும். கறுப்பு முள் நின்ற இடத்தில் அதை வைத்துவிட்டுப் போனால், அடுத்த முறை பார்க்கும்போது ஏறியதா இறங்கியதா என்று தெரியும். இதை அறியாமல் பித்தளை முள் அசையவில்லை என்று கருவியையே குறை சொல்பவர்கள் உண்டு. பார்ப்பதற்கு முன் கண்ணாடியை விரல் நுனியால் லேசாகத் தட்டவும். முட்டியால் அல்ல.

இன்னொரு விஷயம், நம் பக்கத்துக்கு மிக முக்கியம். வெப்ப நாடுகளில் அழுத்தம் தினம் இரண்டு தடவை தானாகவே ஏறி இறங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம். மாலை 4, விடியற்காலை 4 தாழ்வு. பகல் 10-க்கும் 4-க்கும் நடுவில் மூன்று நான்கு மில்லிபார் வித்தியாசம் வரும். தென் அமெரிக்காவில் சுற்றிய ஹம்போல்ட் இதைப் பார்த்து, பாரோமீட்டரை வைத்தே மணி சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு எழுதினார். எனவே காலையில் பார்த்துவிட்டு மாலையில் பார்த்து "இறங்கிவிட்டது, மழை வரும்" என்பது அர்த்தமற்றது. நேற்றுக் காலை 10-ஐ இன்றைய காலை 10-ஓடுதான் ஒப்பிட வேண்டும். ஆயுள் முழுக்கப் பதிவேடு எழுதிய குமாஸ்தா என்பதால் நான் ஒரு நோட்டில் தேதி, மணி, எண் என்று மூன்று பத்தி போட்டு வைத்திருக்கிறேன். என் பேத்தி இதை 'தாத்தாவின் ஆபீஸ்' என்கிறாள்.

"எல்லாம் போனிலேயே வருதே" என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. செயற்கைக்கோளும் ராடாரும் பார்த்துச் சொல்வதை என் சுவர்ப் பலகை சொல்லாது. முன்னறிவிப்புக்கு வானிலை ஆய்வு மையத்தைத்தான் நான் நம்புகிறேன், நீங்களும் நம்புங்கள். ஆனால் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுகளில் 11-ஆம் எண் எதற்கு என்று தெரியுமா? எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துபோனது என்பதற்கு. அப்படி ஒரு நிலைக்கும் எண் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

தானே புயலை நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 விடிந்த கையோடு கடலூருக்கும் பாண்டிக்கும் இடையே கரையேறியது. கடலில் இருந்தபோது மையத்தில் அழுத்தம் ஏறத்தாழ 970 மில்லிபார். முகத்தில் 'தாம்பெத்' என்ற எழுத்தையே தாண்டி இறங்கும் அளவு. முந்தின இரவு 10 மணிக்கு, வழக்கமாக முள் ஏறி நிற்கவேண்டிய நேரத்தில், எங்கள் வீட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கரண்ட் போனது, போன் போனது. டார்ச் அடித்து மணிக்கொரு தடவை பார்த்தோம். வீட்டில் இருந்த பெரியவர்களுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல்: இன்னும் வருமா, போய்விட்டதா? புயலின் கண் மேலே நிற்கும்போது காற்று சட்டென்று அடங்கிவிடும். முடிந்தது என்று வெளியே போனவர்களை, மறுபக்கக் காற்று எதிர்த்திசையிலிருந்து வந்து அடிக்கும். காற்று அடங்கியும் முள் அடியிலேயே கிடந்தால் கதவைத் திறக்கக் கூடாது. காலையில் அது ஏறத் தொடங்கி, ஏறிக்கொண்டே போன பிறகுதான் தெருவில் விழுந்த மரத்தைப் பார்க்கப் போனோம்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30-இல் வந்த ஃபெஞ்சல் தானே அளவுக்கு அழுத்தம் இறங்கிய புயல் அல்ல. ஆனால் நகராமல் பாண்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எவ்வளவு மழை என்பது இந்த முள்ளுக்குத் தெரியாது.

ஈரப்பத வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பலகைகளில் உள்ளே இருப்பது மனிதத் தலைமுடி. ஈரம் ஏறினால் முடி நீளும். ஜெனிவாவைச் சேர்ந்த சொஸ்யூர் 1783-லேயே இதை விளக்கி எழுதினார். வட்டத்தைத் தனியே கழற்ற முடிந்தால், மூடியுள்ள டப்பாவில் ஈர உப்புக் கிண்ணத்தோடு ஒரு நாள் வையுங்கள். 75 காட்டினால் சரி.

எனக்குப் பிடிக்காதது, வெள்ளை நகர ஓட்டல் வரவேற்பறைகளில் இவற்றை முள் நின்றுபோன நிலையில் பாலிஷ் போட்டு மாட்டியிருப்பது. பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அன்றைய கடல்மட்ட அழுத்தத்தைப் பார்த்து அதைத் திருப்பி முள்ளைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். டப்பியில் காற்று புகுந்திருந்தால் மட்டுமே அது செத்த கருவி.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால் விற்றுக்கொள்ளுங்கள், வீடு சின்னதாகிவிட்டது, எனக்கும் தெரியும். ஒரு வாரம் காலை 10-க்கும் மாலை 4-க்கும் முள்ளைக் குறித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். தினம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைந்தால் அது வேலை செய்கிற கருவி. ஓட்டை சாமான் விலைக்குக் கொடுக்காதீர்கள். நீளக் குழாய் வைத்த பழைய வகையாக இருந்தால் உள்ளே பாதரசம் இருக்கும், படுக்கவைத்துத் தூக்க விடாதீர்கள்.