சிக்கனம்தான் ஜெயித்ததா?

'மணிபால்' என்ற ஆங்கிலப் படத்தை அன்பர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய புத்தகத்தை வைத்து 2011இல் வந்த படம். பிராட் பிட் நடித்தது. கையில் காசில்லாத ஒரு பேஸ்பால் அணி, கம்ப்யூட்டர் கணக்கை நம்பி, மற்றவர்கள் சீந்தாத ஆட்டக்காரர்களைச் சல்லிசாக எடுத்து, பணக்கார அணிகளைத் திணறடித்த கதை. பயிற்சி வகுப்புகளில் மேலாண்மைப் பேச்சாளர்களுக்கு இது அல்வா மாதிரி. "பார்த்தீர்களா, செலவைக் குறைத்தும் ஜெயிக்கலாம்!" என்று முடிப்பார்கள். நான் கேட்ட பேச்சாளர்கள் எல்லோரும் அப்படித்தான் முடித்தார்கள்.

எனக்கு இதில் பலத்த ஆட்சேபணை உண்டு. அந்த அணியின் கணக்கை முழுசாகப் பார்த்தால் அங்கே ஜெயித்தது சிக்கனம் இல்லை என்பது தெரியும். அதே அணி இருபது வருஷம் கழித்து வெறும் சிக்கனத்தை மட்டும் செய்து பார்த்தது. அப்போது என்ன ஆயிற்று என்பதை எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை. என் மகள் குடும்பம் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருப்பதால் அந்த வட்டாரத்து அணியான ஓக்லண்ட் அத்லெடிக்ஸைக் கொஞ்ச காலமாகவே கவனித்து வருகிறேன். (அணியை ஃப்ரீமான்ட்டுக்கே கொண்டுவருவதாகக்கூட ஒரு சமயம் திட்டம் போட்டார்கள். 2009இல் கைவிட்டார்கள்.) ஆட்ட விதிகள் பேரன் உபயம்.

முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அமெரிக்காவின் பெரிய லீக்கில் 30 அணிகள். வசந்தத்தில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொன்றும் 162 ஆட்டம் ஆட வேண்டும். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. ஆட்களை வாங்குவது, விற்பது, மாற்றிக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் நடக்கும். இரண்டாவது, சம்பள முறை. ஒரு பையன் பெரிய லீக்கில் ஏறிய பிறகு ஆறு வருஷ சர்வீஸ் முடியும் வரை அவனைக் கொண்டுவந்த அணிக்கே சொந்தம். முதல் மூன்று வருஷம் அநேகமாகக் குறைந்தபட்சச் சம்பளம். 2002இல் அது 2 லட்சம் டாலர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆறு வருஷம் முடிந்தால் அவன் சுதந்திர மனிதன். யார் அதிகம் தருகிறாரோ அவரிடம் போகலாம். நாங்கள் டிப்ளமோ முடித்து ஸ்டைபண்ட் வாங்கிக்கொண்டு பி.டபிள்யூ.ஐ. அப்ரண்டிஸாக லைனில் நடந்த காலம் எனக்கு நினைவு வருகிறது. வேலை முழு ஆள் வேலைதான். சம்பளம்தான் அப்ரண்டிஸ் சம்பளம்.

இனி கதைக்கு வருவோம். 2001இல் ஓக்லண்ட் 102 ஆட்டம் ஜெயித்தது. அடுத்த சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்துவிட்டுப் பிறகு மூன்றையும் கோட்டை விட்டது. குளிர்காலம் வந்தது, மூன்று முக்கியமான ஆட்கள் போனார்கள். ஜேசன் ஜியாம்பி என்ற பிரமாதமான மட்டைக்காரரை 7 வருஷத்துக்கு 12 கோடி டாலர் தருவதாக அதே யாங்கீஸ் தூக்கிக்கொண்டு போயிற்று. ஜானி டேமன் பாஸ்டனுக்கும், கடைசி ஓவர் பந்துவீச்சாளர் மாதிரி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் செயின்ட் லூயிஸுக்கும் போனார்கள். 2002இல் யாங்கீஸின் மொத்தச் சம்பளம் சுமார் 12 கோடியே 60 லட்சம் டாலர். ஓக்லண்டுக்குச் சுமார் 4 கோடி. அதாவது ஜியாம்பி என்ற ஒரு ஆளுக்கு எழுதிய ஒப்பந்தம், ஓக்லண்ட் அணி முழுவதற்கும் மூன்று வருஷச் சம்பளம்.

மேலாளர் பில்லி பீனும் அவருடைய உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும் செய்தது என்ன? முழங்கை நரம்பு கெட்டுப்போய்ப் பந்தை ஒழுங்காக எறிய முடியாமல் இருந்த ஸ்காட் ஹாட்டபர்க் என்ற கேட்சரை வாங்கி, அதிகம் எறிய வேண்டாத முதல் பேஸில் நிறுத்தினார்கள். 36 வயது டேவிட் ஜஸ்டிஸை எடுத்தார்கள். இஸ்ரிங்ஹவுசன் இடத்துக்கு டொரன்டோவிலிருந்து பில்லி காக். கை தரையைத் தொடுகிற மாதிரி தாழ்வாக எறியும் சாட் பிராட்ஃபோர்ட் ஏற்கெனவே இருந்தார். இவர்களைத் தேர்ந்தெடுத்த கணக்கு நல்ல கணக்கு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனை பெரிய அடி அடித்தார் என்று பார்க்காமல், நூறு தடவை மட்டை பிடித்தால் எத்தனை தடவை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேருகிறார் என்று பார்த்தார்கள். ஹாட்டபர்க்குக்கு 2002இல் அது 37 தடவை. ஆனால் ஜியாம்பிக்கு முந்தின வருஷம் கிட்டத்தட்ட 48. ஒருவருக்கு மற்றவர் ஈடில்லை.

சீசன் தொடங்கியது. மே மாதம் நான்காவது வாரத்தில் ஓக்லண்ட் 20 வெற்றி, 26 தோல்வி என்று நின்றது. பீன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஜியாம்பியின் தம்பி ஜெரமியைப் பிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார். ஜியாம்பி இடத்துக்கு என்று கொண்டுவந்த கார்லோஸ் பேனா என்ற இளைஞரைச் சின்ன லீக்குக்கு இறக்கி, ஜூலையில் டெட்ராய்ட்டுக்கே கொடுத்துவிட்டார். குளிர்காலத்தில் போட்ட கணக்குப்படியே எல்லாம் நடந்தது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதன் பிறகு அணி 83 ஆட்டம் ஜெயித்து 33 மட்டுமே தோற்றது. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 4 வரை தொடர்ந்து 20 வெற்றி. இருபதாவது ஆட்டத்தில் 11-0 என்று முன்னணியில் இருந்து, கான்சாஸ் சிட்டி 11-11 என்று எட்டிப் பிடித்து, கடைசியில் ஹாட்டபர்க்கே ஹோம் ரன் அடித்து 12-11 என்று ஜெயித்தார்கள். சினிமாக்காரர்கள் யோசித்திருந்தாலும் இப்படிக் காட்சி கிடைத்திருக்காது. மொத்தம் 103 வெற்றி, 59 தோல்வி. அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றது வேறு கதை.

இப்போது அந்த 103ஐப் பிரித்துப் பார்ப்போம். பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பந்தெறியும் பிட்சர் பேரில் எழுதும் வழக்கம் உண்டு. பாரி ஜீட்டோ 23 வெற்றி, 5 தோல்வி. மார்க் மல்டர் 19, 7. டிம் ஹட்சன் 15, 9. மூன்று பேரும் சேர்ந்து 57 வெற்றி, 21 தோல்வி! மிச்ச எல்லோரும் சேர்ந்து 46 வெற்றி, 38 தோல்வி. மட்டையில் மிகெல் தெஹாடா 34 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். எரிக் சாவெஸும் 34. சிறந்த பிட்சர் விருது ஜீட்டோவுக்கு. இந்த ஐந்து பேரும் எங்கிருந்து வந்தார்கள்? சாவெஸ் 1996, ஹட்சன் 1997, மல்டர் 1998, ஜீட்டோ 1999 என்று வருஷத்துக்கு ஒருவராக ஓக்லண்டே தேர்ந்தெடுத்த பையன்கள். தெஹாடாவை டொமினிகன் குடியரசிலிருந்து சிறு வயதிலேயே கூட்டி வந்து பழக்கினார்கள். ஐந்து பேரும் ஓக்லண்டின் சின்ன லீக் அணிகளில் வளர்ந்தவர்கள். ஐந்து பேரும் அப்போது அந்த ஆறு வருஷக் கெடுவுக்குள் இருந்தவர்கள். சம்பளம் 4 கோடியில் அடங்கியதன் ரகசியம் அதுதான். படத்தில் இவர்களுக்கு அநேகமாக இடமே இல்லை.

ஹாட்டபர்க்கும் ஜஸ்டிஸும் வேண்டாத ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. பாலத்தில் கைப்பிடிக் கம்பி மாற்றினால் நல்ல கம்பியாகத்தான் போட வேண்டும். ஆனால் சல்லிசான கைப்பிடி போட்டதால்தான் பாலம் நிற்கிறது என்று ஒருவர் வகுப்பெடுத்தால், தூணைக் கட்டினவன் என்ன சொல்வான்?

தொடக்க முடிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20-26 என்பது அந்த அணிக்குப் புதிதல்ல. 102 ஆட்டம் ஜெயித்த 2001இலும் முதல் 26 ஆட்டத்தில் 8 தான் வெற்றி. அப்போது ஜியாம்பி, டேமன், இஸ்ரிங்ஹவுசன் மூவருமே அணியில் இருந்தார்கள். இரண்டு வருஷமும் அணி எழுந்து நின்றதென்றால், கீழே நிற்பதற்குத் தரை இருந்தது.

நாக்பூரில் இருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். விதர்பா 2018 ஜனவரி முதல் தேதி இந்தோரில் டெல்லியை வீழ்த்தி முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பையை வாங்கியபோது, 39 வயது வாசிம் ஜாஃபர் அந்த அணியில் ஆடினார். வயதான ஜஸ்டிஸை ஓக்லண்ட் எடுத்த மாதிரிதான். ஆனால் ஜாஃபரால்தான் கோப்பை என்று நம்மூரில் யாராவது சொல்வார்களா? அந்த இறுதி ஆட்டத்தில் ஹாட்ரிக் எடுத்த ரஜ்னீஷ் குர்பானி இங்கே வளர்ந்த பையன். சிவில் இன்ஜினியர் வேறு! (ரஞ்சி இறுதி ஆட்டத்தில் அவருக்கு முன்னால் ஹாட்ரிக் எடுத்தவர் ஒரே ஒருவர்தான். 1972-73இல் பம்பாய்க்கு எதிராக நம் தமிழ்நாட்டின் கல்யாணசுந்தரம்.)

சரி, இருபது வருஷம் தாண்டுவோம். 2021இல் ஓக்லண்ட் 86 ஆட்டம் ஜெயித்த, மோசமில்லாத அணி. முதலாளி ஜான் ஃபிஷர். 'கேப்' துணிக்கடைகளை ஆரம்பித்த குடும்பத்து வாரிசு. 2022 மார்ச்சில் மேட் ஓல்சன் அட்லான்டாவுக்கும், மேட் சாப்மன் டொரன்டோவுக்கும், கிறிஸ் பாசிட் நியூயார்க் மெட்ஸுக்கும், ஏப்ரலில் ஷான் மனேயா சான் டியேகோவுக்கும் போனார்கள். யாரும் தாமாகப் போகவில்லை. கெடு முடியும் முன்பே அணிதான் கொடுத்துவிட்டது. அந்த வருஷம் 102 தோல்வி. 2022 டிசம்பரில் மிச்சமிருந்த நல்ல கேட்சர் ஷான் மர்ஃபியையும் அட்லான்டாவுக்கே அனுப்பினார்கள். பதிலுக்கு இளைஞர்கள் வந்தார்களே என்று கேட்கலாம். வந்தார்கள். அதே மூன்று அணி பேரத்தில் வில்லியம் கான்ட்ரேராஸ் என்ற இளம் கேட்சர் மில்வாக்கிக்குப் போனார். ஓக்லண்டுக்கு வந்த எஸ்த்யூரி ரூயிஸ் நன்றாக ஓடுவார், 2023இல் 67 பேஸ் திருடினார். மட்டைதான் சுமார். ஜப்பானிலிருந்து வந்த ஃபுஜினாமி ஏப்ரலில் நான்கு ஆட்டத்தைத் தொடங்கி நான்கிலும் தோற்றார்.

2023 ஜூன் முதல் வாரத்தில் ஓக்லண்டின் கணக்கு 12 வெற்றி, 50 தோல்வி. இங்கேயும் மோசமான தொடக்கம்தான். ஆனால் இந்தத் தடவை எழுந்து நிற்கக் கீழே ஒன்றும் இல்லை. மீதி நூறு ஆட்டத்தில் 38 வெற்றி. வருஷ முடிவில் 50க்கு 112. அதே வருஷம் ஓல்சன் அட்லான்டாவுக்கு 54 ஹோம் ரன் அடித்தார்.

லைனில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சமாசாரம். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஜல்லியைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறையாவது தோண்டிச் சலித்துப் போட வேண்டும். ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் ஒன்றும் தெரியாது. வண்டி அதே வேகத்தில்தான் ஓடும், மிச்சப் பணம் கணக்கில் அழகாகத் தெரியும். இரண்டாம் வருஷமும் தெரியாது. பிறகு ஒரு மழையில் ஜல்லி சேறோடு சேர்ந்து களியாகி, லைன் தாழ்ந்து, 30 கிலோமீட்டர் காஷன் போடுவார்கள். கேங்மேன்கள் ராப்பகலாகப் பேக்கிங் அடித்தாலும் இரண்டு நாளில் மறுபடி தாழும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என்ன செய்வது? எவ்வளவு தாழ்ந்தது என்று அளக்கலாம்.

முதலாளி கணக்கு வேறாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலிலேயே அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக நிலம் பார்த்துவிட்டார்கள். மைதானத்துக்கு ஜனங்கள் வருவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் கொடுத்துவிட்டு, பழைய மைதானத்தையும் சீர் செய்யாமல் விட்டுவிட்டுச் சொன்ன காரணம் இது! ஓக்லண்ட் ரசிகர்கள் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். ஜூன் 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, ஆட்டத்தைப் புறக்கணிப்பதற்குப் பதிலாக எல்லோரும் திரண்டு வருவது என்று ஏற்பாடு செய்து, 27,759 பேர் வந்து உட்கார்ந்து அணியை விற்கச் சொல்லிக் கத்தினார்கள். அன்று அந்தத் தேறாத அணி, அப்போது லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த டாம்பா பேயை 2-1 என்று ஜெயித்தது. தொடர்ந்து ஏழாவது வெற்றி. நவம்பரில் மற்ற முதலாளிகள் ஒருமனதாக இடமாற்றத்துக்குக் கை தூக்கினார்கள்.

1968இல் கான்சாஸ் சிட்டியிலிருந்து வந்த அணி 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம் ஆடியது. 2025இல் மேற்கு சாக்ரமென்டோவில், சின்ன லீக் அணிக்காகக் கட்டிய மைதானத்தில் குடியேறியது. பெயரோடு ஊர்ப் பெயர் சேர்ப்பதில்லை. வெறும் 'அத்லெடிக்ஸ்' தான்.

அங்கே போன முதல் வருஷம் 76 வெற்றி. ஓரளவு தேறியிருக்கிறது. காரணம் பழைய காரணமே: 2023இல் தேர்ந்தெடுத்த ஜேக்கப் வில்சன், 2024இல் தேர்ந்தெடுத்த நிக் கர்ட்ஸ் என்று சொந்தமாக எடுத்த பையன்கள். கர்ட்ஸ் 2025 ஜூலையில் ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். பெரிய லீக் சரித்திரத்தில் முதல் வருஷ ஆட்டக்காரர் ஒருவரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. அவர் பெரிய லீக்கில் ஏறியது 2025 ஏப்ரலில். அதற்கு ஏழு மாதம் முன்பே ஓக்லண்ட் மைதானத்தில் கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது.