சும்மாதானே இருக்காங்க, டீச்சர் வேலைக்குப் போகட்டுமே!

"பிள்ளைங்க வளர்ந்தாச்சு. வீட்ல சும்மாதானே இருக்காங்க, ஏதாவது ஸ்கூலுக்கு டீச்சரா போகட்டுமே!"

அருப்புக்கோட்டைல ஏறி திருச்சுழில இறங்குறதுக்குள்ள இந்த வசனம் காதுல விழாத நாள் குறைச்சல். சொல்றவங்களுக்கு நல்ல மனசுதான். ஆனா ஒரே மூச்சுல ரெண்டு அவமானம் பாருங்க. பதினஞ்சு வருஷம் பிள்ளை வளர்த்தவங்க 'சும்மா' இருந்தாங்களாம். டீச்சர் வேலைங்கிறது சும்மா இருக்கிறவங்க பார்க்கிற வேலையாம்.

எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாத்தினா கரிமூட்டம் போடத்தான் வழி (சீமைக்கருவேலம் மட்டும் எந்த வருஷமும் ஏமாத்தாது!). இங்கே மாசச் சம்பளம்னா வீட்டுக்குள்ளேயே ஒரு வத்தாத கிணறு மாதிரி. அதை நம்பித்தான் அந்தக் காலத்துல பொண்ணுங்க ஆசிரியர் பயிற்சி முடிச்சாங்க. வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சாங்க. கல்யாணம், குழந்தைன்னு ஆனப்புறமும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிச்சுக்கிட்டே இருந்தாங்க. பதிவு மூப்புன்னா என்ன அர்த்தம்? காத்திரு, உன் முறை வரும். அவ்வளவுதானே?

2012 ஜூலைல முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்துச்சு. நூத்துக்கு ஒருத்தர்கூட தேறலை. சரி, தேர்வு வைக்கிறது தப்புன்னு நான் சொல்லலை. வகுப்புக்குப் போறவங்களுக்குப் பாடம் தெரிஞ்சிருக்கணும். ஆனா கூடவே வெயிட்டேஜ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்களே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. இடைநிலை ஆசிரியர்னா தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூ மார்க்குக்கு 15, பயிற்சி மார்க்குக்கு 25. 1992-ல பிளஸ் டூ எழுதினவங்க மார்க்கையும் 2010-ல எழுதினவங்க மார்க்கையும் ஒரே தராசுல போட்டாங்க. பணவீக்கம்னு ஒரு பாடம் படிச்ச எந்த பி.காம் மாணவனும் 1992 ரூபாயையும் 2010 ரூபாயையும் ஒண்ணா வைக்க மாட்டான். மார்க்குக்கும் வீக்கம் உண்டு சாமி!

2018-ல வெயிட்டேஜை எடுத்துட்டாங்க. எடுத்துட்டு, தகுதித் தேர்வுல தேறினாலும் தனியா ஒரு போட்டித் தேர்வு எழுதணும்னு சொன்னாங்க. 2020-ல வயசு வரம்பு வந்துச்சு: பொதுப் பிரிவுக்கு 40, மத்தவங்களுக்கு 45. போராட்டங்களுக்கு அப்புறம் 2023-ல அதை 53, 58-னு உயர்த்தினாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இடைநிலை ஆசிரியர் நியமனம் 2014-ல நடந்ததுக்கு அப்புறம் அந்தப் போட்டித் தேர்வு நடந்தது எப்போ தெரியுமா? 2024 ஜூலை. கணக்கு போடுங்க. 2013-ல 36 வயசுல தகுதித் தேர்வு தேறின ஒரு பொதுப் பிரிவு அம்மாவுக்கு 2020-ல 43, கதவு சாத்தியாச்சு. 2023-ல 46, கதவு திறந்தாச்சு. பரீட்சை ஹாலுக்குள்ள போகும்போது 47. பிள்ளை வளர்க்க அவங்க எடுத்துக்கிட்டதா நாம குறை சொல்ற வருஷங்களைவிட அரசாங்கம் எடுத்துக்கிட்ட வருஷம் ஒண்ணும் குறைச்சல் இல்லையே!

இதுல பெரிய வேடிக்கை, வயசு ஒரு இடத்துல மட்டும் தடையே இல்லை. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடினப்புறம் 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சாங்க. தெருவுக்குத் தெரு சாயங்காலம் பிள்ளைங்களை உட்கார வெச்சு எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தது யாரு? பெரும்பாலும் பெண்கள். அதுல கணிசமா அம்மாக்கள். மாசம் ஆயிரம் ரூபாய். 2022-ல அரசுப் பள்ளிகள்ல தற்காலிகமா எடுத்த இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். ஆக ஆயிரத்துக்கும் ஏழாயிரத்து ஐநூறுக்கும் இவங்க தகுதியானவங்க. முழுச் சம்பளம்னு வரும்போதுதான் மார்க், வயசு எல்லாம் ஞாபகம் வருது.

"நாற்பதைத் தாண்டினவங்களை எடுத்தா எத்தனை வருஷம் வேலை பார்ப்பாங்க?"ன்னு கேட்கிறவங்களுக்கு: 42-ல சேர்ந்தா 60 வரைக்கும் 18 வருஷம். ஒண்ணாம் வகுப்புல சேர்ந்த பிள்ளை கல்லூரி முடிச்சிட்டுப் போயிடும், டீச்சர் அங்கேயே இருப்பாங்க. இன்னும் என்ன வேணும்?

இவங்களுக்கு வக்காலத்து வாங்குறவங்க மேலயும் எனக்குக் கோபம் உண்டு. "அம்மா மாதிரி பார்த்துக்குவாங்க"ன்னு உருகுறாங்க. அந்த 'அம்மா மாதிரி'யை வெச்சுத்தான் சம்பளத்தைக் குறைக்கிறாங்க, புரியுதா? அம்மாவுக்கு யாரு சம்பளம் கொடுத்திருக்கா! பிள்ளை வளர்த்ததால மட்டும் ஒருத்தர் டீச்சர் ஆகிட முடியாது. பயிற்சி வேணும். பி.எட். 2015-ல இருந்து ரெண்டு வருஷம். அஞ்சல் வழில படிக்கலாம்னா, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்குத்தான் அது. டிகிரி முடிச்சிட்டு நரிக்குடிப் பக்கம் வீட்ல இருக்கிற அம்மா தினமும் ரெண்டு பஸ் மாறிப் போய் ரெண்டு வருஷம் படிக்கணும்.

அதனால பாராட்டு விழா, பொன்னாடை எல்லாம் வேண்டாம். போட்டித் தேர்வை வருஷா வருஷம் சொன்ன மாசத்துல நடத்துங்க. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல பி.எட். சேர்ற பொண்ணுங்களுக்கு அருப்புக்கோட்டை மாதிரி தாலுகா ஊர்லயே அரசு செலவுல இடம் கொடுங்க. தேறினவங்களை எடுங்க, தேறாதவங்களை அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க.