மூணுன்னு சொல்லிட்டு முடிச்சிடாதீங்க

"ஒரு பெரிய பிளேட், நடுவுல வட்டமா ஓட்டை. இழுத்தா ஓட்டை ஓரத்துல ஸ்ட்ரெஸ் எவ்வளவு?" வைவாவில் இதைக் கேட்டால் எங்க கிளாஸில் தூக்கத்தில் எழுப்பினாலும் "மூணு மடங்கு சார்" என்பார்கள். எக்ஸ்டர்னல் தலையாட்டுவார். அடுத்த ரோல் நம்பர்.

எனக்கு அந்த மூணு மேல ரொம்ப நாளா கடுப்பு. கிர்ஷ் 1898-ல் போட்ட கணக்கு அது, தப்பே கிடையாது. ஆனா அது விரிசல் இல்லாத ஓட்டைக்கான பதில். திரும்பத் திரும்ப லோடு வாங்குற ரிவெட் ஓட்டையில் ஒரு நாள் விரிசல் விழத்தான் போகுது. அதுக்கப்புறம் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி?

ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த மூணு, ஓட்டை பெரிசா சின்னதான்னு கேட்பதே இல்லை. விரிசல் கேட்கும். 3 மி.மீ. ஆரமுள்ள ஓட்டையின் ஒரு ஓரத்தில் 0.3 மி.மீ. விரிசல் என்று வைப்போம். விரிசல் முனையின் தீவிரத்தைச் சொல்வது ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி, சுருக்கமா கே. ஸ்ட்ரெஸ்ஸை பை பெருக்கல் விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை வடிவத்துக்கான ஒரு காரணியாலும் பெருக்கணும். போவி 1956-ல் ஓட்டைக்கென்றே போட்ட கணக்குப்படி இங்கே காரணி 2.73. அதே 0.3 மி.மீ. விரிசல் 0.3 மி.மீ. ஆரமுள்ள குட்டி ஓட்டையில் இருந்தால் 1.37. பாதி! அலுமினியத்தில் விரிசல் வளரும் வேகம் கே-யின் மும்மடிக்கு நெருக்கமாகப் போகும். அப்போ பெரிய ஓட்டையில் வேகம் கிட்டத்தட்ட 8 மடங்கு. மூணு மடங்கு சாருக்கு ரெண்டு ஓட்டையும் ஒண்ணுதான்.

அசைன்மென்டில் பசங்க என்ன செய்றாங்க? ஓட்டையை மறந்துட்டு வெறும் விளிம்பு விரிசலுக்கான 1.12 போடறாங்க. 2.73 இருக்கவேண்டிய இடத்தில் 1.12. வளர்ச்சி வேகத்தில் 14 மடங்குக்கு மேல் குறைச்சல். இன்னும் கொஞ்சம் விவரமானவங்க 1.12-ஐ மூணால் பெருக்கி 3.36 போட்டு அதையே கடைசி வரை இழுத்துட்டுப் போறாங்க. விரிசல் தொடங்கும்போது அது சரி. ஆனா ஓரத்தை விட்டு ஓட்டையின் ஆரம் அளவு தள்ளிப் போனாலே ஸ்ட்ரெஸ் மூணிலிருந்து 1.22 மடங்காக இறங்கிடுது. விரிசல் அந்த நீளத்துக்கு வளர்ந்தபிறகு சரியான காரணி 1.37-தான். "அதிகமா போட்டா சேஃப்தானே மச்சி"ன்னு ஒருத்தன் சொன்னான். அடேய், நீ பார்ட்டை எடையேத்தி வெச்சா விமானம் பறக்க வேண்டாமா?

இதெல்லாம் பேப்பர் கணக்குன்னு நினைக்கிறவங்களுக்கு: 1988 ஏப்ரல் 28, ஹவாய். அலோஹா ஏர்லைன்ஸ் 243, 19 வருஷப் பழைய போயிங் 737. 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. 95 பேரில் ஒரு பணிப்பெண் இறந்துபோனார். அந்த விமானம் 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய் பாரமெல்லாம் ரிவெட்டுகள் மேல் விழுந்தது. ரிவெட் தலை பதிய அகலப்படுத்திய ஓட்டைகளின் கூர்மையான விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன விரிசல்கள். ஒவ்வொண்ணும் பக்கத்து விரிசலின் கே-யையும் ஏத்திவிடும். நடுவில் மிச்சமிருக்கும் உலோகம் குறையக் குறைய மோசமாகும். இங்கே தனி ஓட்டைக்கான போவி கணக்குகூடப் போதாது, ரிவெட் தள்ளும் விசை, அடுத்த ஓட்டை, மூலை விரிசலின் வடிவம் எல்லாம் சேர்க்கணும். நாமோ போவிக்கே வரலை.

"சாஃப்ட்வேர்ல போட்டா வந்துடும்" கோஷ்டிக்கும் ஒண்ணு. விரிசல் முனையில் மெஷ்ஷைப் பொடிசாக்கப் பொடிசாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போகும், நிற்கவே நிற்காது. அந்தச் சிவப்புக் கலர் படத்தை ரிப்போர்ட்டில் ஒட்டி "அதிகபட்ச ஸ்ட்ரெஸ்"னு ஒரு நம்பர் எழுதினா, அது உங்க மெஷ்ஷோட நம்பர், பார்ட்டோட நம்பர் இல்லை. கே-யைத் தனியா எடுக்கணும். எடுத்ததைச் சரிபார்க்க போவியோட நம்பர்கள் கையில் இருக்கணும்.

சிலபஸ்ல இடமில்லைன்னு சொல்றாங்க. நான் கேட்பது ஒரு பீரியட். அதுவும் முடியலைன்னா வைவாவில் "மூணு மடங்கு சார்"க்கு அப்புறம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஓரத்துல 0.3 மி.மீ. விரிசல் இருந்தா?"