கரன்ட் போனதும் செல்போனைத் தேடாதீர்கள்!

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர மாவட்டங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காது வானிலை அறிக்கையில்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது.

அப்படிப்பட்ட இருட்டில் முதலில் கை போவது செல்போன் டார்ச்சுக்குத்தான். ஆனால் டார்ச்சை விடாமல் எரியவிட்டால் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும். நள்ளிரவில் தாத்தாவுக்கு மூச்சுத்திணறல் என்றால் 108-ஐ அழைக்கப் போன் உயிரோடு இருக்காது. போன் பேசுவதற்கு, வெளிச்சத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதற்கான பொருட்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன.

பாட்டில் விளக்கு

சாதாரண கை டார்ச்சின் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியும். அறை முழுக்கப் பரவாது. ஒரு டம்ளருக்குள் சிறிய டார்ச்சை முகம் மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். லேபிள் உரித்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, இறுக மூடி, டம்ளரின் வாய் மேல் வையுங்கள். தண்ணீரில் நாலைந்து சொட்டு பால் கலந்துவிட்டால் போதும், பாட்டில் முழுவதும் வெண்மையாக ஒளிரும். பாலில் உள்ள நுண்ணிய துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதுதான் காரணம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட இந்த வெளிச்சம் தாராளம்.

பவர் பேங்க் கணக்கு

10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கில் ஏறக்குறைய 37 வாட் மணி மின்சாரம் இருக்கும். இழப்பு போக 22 முதல் 25 வரை கைக்குக் கிடைக்கும். அதில் 1 வாட் யு.எஸ்.பி. எல்.இ.டி. விளக்கைச் செருகினால் 20 மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நான்கு இரவுகள்! அதே பவர் பேங்க்கில் 5 வாட் விளக்கைப் போட்டால் ஒரே இரவில் கதை முடிந்துவிடும். எனவே விளக்கு சிறியதாக இருப்பதே நல்லது. சில பவர் பேங்க்குகள் மிகச் சிறிய விளக்கைச் செருகினால் தானாகவே நின்றுவிடும். அதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

தண்ணீர் விளக்கு

கெட்டியான கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர், அதன் மேல் ஒரு விரல் அகல உயரத்துக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பலகாரம் சுட்டு வடிகட்டிய எண்ணெய் எதுவும் ஆகும். பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து நாணய அளவு வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியைச் செருகி மிதக்க விடுங்கள். திரியின் அடிப்பகுதி எண்ணெய்க்குள் மட்டுமே இருக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டால் படபடவென்று பொரியும். எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானாக அணைந்துவிடும் என்பதுதான் இதன் சிறப்பு. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ இதில் ஊற்றவே கூடாது.

தட்டு தரும் வெளிச்சம்

பழைய சுவர் விளக்குகளின் பின்னால் பளபளப்பான தகரம் ஒன்று இருக்கும். சுவரை நோக்கிப் போகும் ஒளியை அறைப்பக்கம் திருப்பிவிடும் உத்தி அது. இன்றைக்கு அந்த வேலையை எவர்சில்வர் தட்டு செய்யும். விளக்குக்குப் பின்னால் ஒரு தட்டைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், முன்பக்கம் வித்தியாசம் தெரியும்.

எதை எங்கே வைப்பது?

பெரியவர்கள் படுக்கும் இடத்திலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியில்தான் முதல் விளக்கு இருக்க வேண்டும். இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், மரம் விழுந்து கிடக்கும் சாலையில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? அங்கே பேட்டரி விளக்கைத் தரையோடு வைத்தால் படியும் வாசற்படியும் தெரியும், கண்ணும் கூசாது. நெருப்பு விளக்கு சமையலறை மேடையில் மட்டும், யாராவது விழித்திருக்கும் வரை மட்டும். மெழுகுவத்தியாக இருந்தால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே நிறுத்துங்கள். திரைச்சீலை, கொசுவலை, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் எந்த நெருப்பும் வேண்டாம். தூங்கப் போகும்போது எல்லாவற்றையும் ஊதி அணைத்துவிட வேண்டும். குளிர் என்று மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவதும் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாள் மாலை, வீட்டு மெயினை அரை மணி நேரம் அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். தீப்பெட்டி எங்கே, டார்ச்சுக்கு செல் இருக்கிறதா, பாட்டியால் துணையில்லாமல் கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும். பாட்டில் விளக்கைச் செய்யும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.